விரட்டு அண்ணனின் எதிர் லைன்

"விரட்டு, விரட்டு" என்று சொல்லிக்கொண்டே, கத்தரிக்கோலின் பிடியால் மேஜை மேஜையாகத் தட்டியபடி வருகிறார். சட்டை தைக்கும் கம்பெனியின் மாடியில் ஜன்னலோர லைனுக்கு இவர்தான் சூப்பர்வைசர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மாடி முழுவதற்கும் இவர் விரட்டு அண்ணன். கடைசி மெஷினைத் தொட்டதும் திரும்புவார். திரும்புகிற சாக்கில் நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஓடும் எதிர் லைனை ஒரு நோட்டம் விட்டுக்கொள்வார்.

எந்த லைன் எத்தனை சட்டை முடித்தது என்று மணிக்கொரு தரம் போர்டில் எழுதுவார்கள். ஊரில் உள்ளவர்கள் தம் பிள்ளையின் மார்க்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். இவர் எதிர் வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பார்த்த பிறகுதான் தன்னுடையதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொள்வார். மனிதருக்குப் பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்து மூடி மறைப்பானேன்?

பொறாமைக்குக் காரணம் எதிர் லைனின் சூப்பர்வைசர். இவரைவிட வயதில் சின்னவர், ஆனாலும் மாடியில் எல்லோருக்கும் அக்கா. பாதி நேரம் லைனின் கோடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். குரலை உயர்த்த மாட்டார். அந்த லைனில் எந்த மெஷின் பக்கத்திலும் துணி குவிந்து கிடக்காது. ஒருத்தி தைத்து முடித்ததை அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். கொஞ்சம் தாமதமானால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். விரட்டு அண்ணனுக்கு அதைக் கண்டால் ஆகாது. குவியல் குவியலாகக் கிடந்தால்தான் கை ஓயாது என்பது இவர் கட்சி. "உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று தன் ஆட்களிடம் கேட்பார். சாயங்காலம் போர்டைப் பார்த்தால் வேடிக்கை பார்த்த லைன்தான் முன்னால் நிற்கும். வயிறு எரியுமா எரியாதா?

சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை. அக்கா வாயைத் திறந்தாலே "அண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார். சாப்பிட்டாச்சா அண்ணே என்று விசாரிப்பவரிடம் எதை வைத்து மல்லுக்கு நிற்பது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாத சங்கதி வேறு. எதிர் லைனில் காலர் வைப்பவள் இவருடைய மனைவி. அதுவும் இவர் தானாகத் தேடிக்கொண்ட வினைதான். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டுச் சண்டை லைனுக்குள் வரக்கூடாது என்று மேனேஜரிடம் பேசி அவளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டவர் இவரே. மாடியே அண்ணன் என்று கூப்பிடும் ஆளை அவள் மட்டும் அப்படிக் கூப்பிட முடியாதல்லவா? ஆகவே வேலை நேரத்தில் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. அத்தனையும் அக்கா புராணம்.

இவரும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பவரல்ல. சாப்பிடும்போது, பொழுது போகாமல் கேட்பவர் போல, "உங்க அக்கா இன்னிக்கு என்ன உபதேசம்?" என்று துளைப்பார். ஒரு நாள் ராத்திரி இப்படிப் பதில் வந்தது:

"வேலையைத் தள்ளக் கூடாதாம். அடுத்தவ கை காலியானா அவளே இழுத்துக்குவாளாம்."

இத்தனை வருஷமாகத் தள்ளித்தான் வீட்டுக்குச் சோறு வருகிறது என்று இவர் எரிந்து விழுந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளைக் கூப்பிட்டுத் துவைத்த துணிகளோடு உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒன்றை உதறி நீவிக் கொடுக்க, மகள் மடித்து வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்ட, இரண்டு பேருமாகக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது போல இருந்தது இவருக்கு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான், மாடிக்கே பொறுப்பாக இருந்த பெரியவர் வேலையை விட்டுப் போகிறார் என்ற செய்தி வந்தது. அந்த இடம் அண்ணனுக்கோ அக்காவுக்கோ, இந்த வாரம் எந்த லைன் முந்துகிறதோ அவர்களுக்கு என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லிவிட்டார். தோற்றால் இனி அக்காவிடம் போய் லீவு கேட்டு நிற்க வேண்டும். நிற்பதை மனைவி பார்ப்பாள்.

மாடியில் காஜா மெஷின் ஒன்றுதான் உண்டு. பட்டனுக்கு ஓட்டை போட இரண்டு லைன் சட்டைகளும் அங்கேதான் வந்தாக வேண்டும். மறுநாள் காலை விரட்டு அண்ணன் தன் ஆட்களைக் கண்மண் தெரியாமல் விரட்டி, காலர் வைத்து முடித்த சட்டைகளைக் கூடை கூடையாகக் கொண்டுபோய் அந்த மெஷின் முன்னால் அடைத்துவிட்டார். மதியம் வரை அது வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்க முடியாது. தைத்ததைக் குவித்து வைத்துப் பழக்கமில்லாத எதிர் லைன் கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்து நின்றுபோனது. போர்டில் அவர்கள் கட்டம் காலியாக இருந்தது. விரட்டு அண்ணன் அன்று டீயை ருசித்துக் குடித்தார்.

அக்கா கத்தவில்லை. நடைபாதையைத் தாண்டி வந்தார்.

"அண்ணே, உங்க காலர்ல இன்னும் குவிஞ்சு கிடக்கே. எங்க ஆளுங்க சும்மாதான் இருக்காங்க, ஒருத்தரை அனுப்பறேன். மதியத்துக்குள்ள அதுவும் முடிஞ்சா, அப்புறம் மெஷின் எங்களுக்கு வரும்ல?"

அனுப்பியது யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. காலரில் மாடியிலேயே கை தேர்ந்தவள் அவள்தான். மனைவி தன் லைனில் வந்து உட்கார்ந்ததும் விரட்டு அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்க்கட்டும், வேகம் என்றால் என்னவென்று இவள் பார்க்கட்டும் என்று கத்தரிக்கோலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அவள் தைக்கவில்லை. ஒரு சட்டையின் கழுத்தில் காலரை வைத்துப் பார்த்தாள். இன்னொன்றிலும் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய்க் காஜா மெஷின் முன்னாலிருந்த கூடையிலிருந்து ஒன்றை உருவினாள். பெரிய சைஸ் சட்டைகளுக்குச் சின்ன சைஸ் காலர். காலர் போதாமல் கழுத்தைச் சுருக்கித் தைத்திருந்தார்கள். காலையிலேயே தெரிந்ததாகவும், நிறுத்தினால் அண்ணன் திட்டுவார் என்று தைத்துவிட்டதாகவும் பக்கத்து மெஷின்காரி முணுமுணுத்தாள். எதிர் லைனாக இருந்தால் முதல் சட்டையே அடுத்தவள் கண்ணில் பட்டிருக்கும். இங்கே அது குவியலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மனைவி கையைத் தூக்கினாள். தப்பைக் கண்டால் அவர்கள் லைனில் அப்படித்தான். ஒரு கை உயர்ந்தால் எல்லா மெஷினும் நின்றுவிடும். சரி, பழக்க தோஷம் என்று விட்டுவிடலாம். ஆனால் தூக்கிய கையோடு அவள் திரும்பிப் பார்த்தது பக்கத்தில் நின்ற புருஷனை அல்ல, நடைபாதைக்கு அப்பால் இருந்த அக்காவை. விரட்டு அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. காலர் போனதோ பதவி போனதோ அந்த நிமிஷம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

"கையை இறக்கு. வீட்ல பேசிக்கலாம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்ல பேசினா காலர் பெருசாயிடுமா?"

மேனேஜர் வந்தார். சட்டைகளைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மாடி முழுவதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். காஜா மெஷின் எதிர் லைனுக்காக ஓடத் தொடங்கியது.

காலர்களையெல்லாம் பிரித்தாக வேண்டும். யாரும் சொல்லாமலே மனைவி கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தன் லைனுக்குத் திரும்பவில்லை, ஆனால் தான் இல்லாமல் அங்கே காலர் எப்படி நகர்கிறதோ என்று அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டாள். விரட்டு அண்ணன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் அருகே போட்டு உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்தார். தையலின் நுனியைத் தேடிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், காலாலேயே நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எதிர் லைன் அவள் கண்ணில் படாதபடி நடுவில் மறைத்து உட்கார்ந்துகொண்டார்.