பதிவாளருக்குக் கிடைத்த மூன்று வரி

என் மனைவியின் அண்ணன் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். அந்த முப்பது வருடத்தில் ஒன்பது நாய்க்கடி. வேறொருவராக இருந்தால் நாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய் நடந்திருப்பார். இவரோ தன்னைக் கடித்த நாய்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். எந்த வீடு, என்ன நிறம், எத்தனை அடி உயரம், தாடை எவ்வளவு நீளம், பல் எவ்வளவு ஆழம். ஓய்வு பெற்ற மறுமாதம் அந்த நோட்டுக்குத் தடித்த அட்டை போட்டு, என் அச்சகத்துக்கு மேலே காலியாகக் கிடந்த அறையில் ‘வேட்டை நாய் இனப் பதிவகம்’ என்று பலகை மாட்டிவிட்டார். அன்று முதல் தெருவே அவரைப் பதிவாளர் என்றது. அவர் இல்லாத நேரத்தில் அந்தப் பெயருக்கு முன்னே ‘நாய்’ என்று சேர்த்துக்கொள்ளும்.

அறையில் ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, நாய் உயரம் அளக்க ஒரு மரச்சட்டம், நான்கு ரப்பர் முத்திரைகள். சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் உங்கள் பேண்ட்டும் ஒரு இனமாகிவிடும், அவ்வளவு முடி. விண்ணப்பப் படிவம் நான் அச்சடித்தது. அதன் பின்பக்கம் நாலாவது விதி அவருடைய உயிர். நாயின் சொந்தக்காரர் தன் நாயைப் பற்றித் தானே சொல்வது செல்லாது. அவருக்கு உறவோ வேண்டியவரோ அல்லாத மூன்று பேர் நாயை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் மூன்று பேருக்கு யார் அலைவது? சாட்சி இல்லாமல் வரும் படிவங்களை அவர் கீழே எடுத்து வருவார். நான் ஒரு கையெழுத்து, என் பைண்டர் ஒன்று, மெஷின் ஓட்டுகிறவர் ஒன்று. மை காய்வதற்குள் நாய் மூன்று தலைமுறைக்குச் சுத்த வம்சமாகிவிடும். பதினாலு வருடத்தில் நான் பார்த்த நாய்கள் இரண்டு. போட்ட கையெழுத்து எண்ணூறைத் தாண்டும்.

இந்த வருடம்தான் வில்லங்கம் வந்தது. நாய்க் கண்காட்சி நடத்துகிற குழு ஒரு கடிதம் போட்டது. இனிமேல் எந்தப் பதிவகத்தின் சான்றிதழையும் சும்மா ஏற்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பதிவகத்துக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாய்க்காரர்கள் வேறு இடம் பார்ப்பார்கள், மச்சான் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

அவர் அசரவில்லை. ஒரே விரலால் பதினோரு நாள் தட்டி, தானே தன் பதிவகத்துக்குப் பக்கம் எழுதிவிட்டார். ‘உலகத் தரம் வாய்ந்த’ என்பது மட்டும் ஆறு இடத்தில் வந்தது. ஆதாரம் என்று கேட்ட இடத்தில் தன் பதிவேட்டின் பக்க எண்களைப் போட்டார். அதைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டமும் போட்டு மாட்டினார்.

ஆணி அடித்த சுவர் ஆறுவதற்குள் பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. இந்தப் பதிவகம் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தகுந்ததா என்பது சந்தேகம், ஏழு நாள் பேசி முடிவெடுப்போம், பிறகு நீக்கலாம் என்று. எழுதியவர் தன் பெயரை ‘ஈரத்துணி’ என்று வைத்திருந்தார்.

“பெத்தவங்க வச்ச பேரைச் சொல்ல தைரியம் இல்லாதவன் எனக்குத் தகுதி பாக்குறான் மாப்பிள்ளை,” என்றார் மச்சான்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் செய்த காரியத்தை வேறு யாரும் செய்திருக்க முடியாது. பேச்சு என்றால் ஓட்டு என்று நினைத்துக்கொண்டார். பதிவேட்டில் எல்லாரும் நாயின் பெயரில்தான் இருப்பார்கள், சொந்தக்காரர் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பழக்கத்தில் மின்னல், பீரங்கி, மகாராணி, கறுப்புத்துரை என்று இருபத்தேழு நாய்களின் பெயரில் கணக்குத் திறந்து, இருபத்தேழிலும் ஒரே வாக்கியத்தைப் போட்டார்: ‘இப்பதிவகம் இல்லையேல் நாங்கள் இல்லை.’

ஈரத்துணி சத்தமே போடவில்லை. இருபத்தேழு பேரும் ஒரே கணினியிலிருந்து பேசுவது தெரிகிறது, இங்கே எத்தனை பேர் என்பது கணக்கில்லை, பதிவகத்துக்குச் சம்பந்தமில்லாத யாராவது, பத்திரிகையோ புத்தகமோ, இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி என்று எழுதியிருந்தார். தன்னைப் பற்றித் தானே சொல்வது செல்லாதாம்.

மச்சான் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, உலகத்தில் இப்படி ஒரு அநியாய விதி உண்டா என்று கேட்டார். நான் அடுக்கிலிருந்து ஒரு படிவத்தை உருவித் திருப்பி, நாலாவது விதியில் விரலை வைத்தேன்.

“இதை நான்தானே மச்சான் அச்சடிச்சேன்.”

அவர் படித்தார். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஆறாம் நாள் காலையில் என்னை மேலே கூப்பிட்டார். பீரோ திறந்திருந்தது. அடித்தட்டில், பழைய முத்திரைகளுக்குக் கீழே, நாலாக மடித்த ஒரு செய்தித்தாள். பார்த்ததுமே அது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை அது. ஒரு கால்நடை மருத்துவர் தெருவில் திரிந்த ஒரு நாயைப் பிடித்துக் குளிப்பாட்டி, இல்லாத அப்பன், பாட்டன், பூட்டனுக்கெல்லாம் பெயர் சூட்டித் தபாலில் விண்ணப்பம் அனுப்பினார். பத்தாம் நாள் தங்கக்கரை போட்ட வம்சச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. அதை நாயின் கழுத்தில் மாட்டிப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அரைப் பக்கம். பதிவகம் எப்படித் தொடங்கியது, எப்படி நடக்கிறது, என்ன விதிகள், எல்லாம் விலாவாரியாக இருந்தது. சாட்சிகளில் முதல் பெயர் என்னுடையது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மச்சான் அன்றைக்கு நாலு தெருவிலும் அந்தப் பத்திரிகையை மொத்தமாக வாங்கிக் கிழித்தார். ஒன்றை மட்டும் வைத்திருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

“சம்பந்தமில்லாதவன், விரிவா எழுதினது. இது ஒண்ணுதான் இருக்கு,” என்றார்.

“போட்டா மானம் போயிடும், மச்சான்.”

“போடலேன்னா பக்கம் போயிடும். மானம் அப்பவே போனதுதானே.”

போட்டார். ஒரே விரலால், அவரே.

ஈரத்துணி நியாயஸ்தர். பத்திரிகைச் செய்தியைத் தேடிப் படித்து, கூடவே அதே விஷயத்தை வேறொரு பத்திரிகையும் கால்நடை மருத்துவர்களின் இதழும் எழுதியிருந்ததைத் தானே கண்டுபிடித்து, பக்கம் இருக்கட்டும் என்று முடித்தார். உலகத் தரம் ஆறும் போயின. மிஞ்சியது மூன்று வரி. இன்ன வருடம் தொடங்கப்பட்டது என்பது முதல் வரி. தெருநாய்க்கு வம்சச் சான்றிதழ் கொடுத்தது இரண்டாவது. சாட்சிகள் நாயைப் பார்க்கவே இல்லை என்பது மூன்றாவது. அதாவது நான்.

கண்காட்சிக் குழுவுக்கு அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை அனுப்பினோம். மறுநாளே ஒப்புதல் வந்தது. பக்கம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லி அவர்கள் விதியில் இல்லை போலிருக்கிறது.

மச்சான் சட்டத்துக்குள் இருந்த பழைய தாளை எடுத்துவிட்டு இந்த மூன்று வரியை வைத்தார். வெள்ளை இடம் நிறைய. தூரத்திலிருந்து பார்த்தால் காலிச் சட்டம்தான்.

அடுத்த வாரம் ஒரு படிவத்தோடு கீழே வந்தார். நான் பேனாவை எடுத்தேன். அவர் படிவத்தைக் கொடுக்கவில்லை.

“முதல்ல மேல வாங்க மாப்பிள்ளை. நாய் வந்திருக்கு.”

மெஷினை நிறுத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் படியேறினோம். சோபாவுக்குப் பக்கத்தில் நீட்டு மூஞ்சியோடு ஒன்று நின்றது. மரச்சட்டத்தை வைத்து மச்சான் அளந்தார், தாடையைத் திறந்து காட்டினார். பைண்டர் வாசல்படியைத் தாண்டவில்லை. எனக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் சாட்சியின் கருத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது, பதினாலு வருடமாக அதைக் காலியாகவே விட்டிருந்தேன். இந்த முறை எழுதினேன்: ‘நேரில் பார்த்தேன். நாய்தான்.’

மச்சான் படித்துப் பார்த்தார். முத்திரையில் மை தொட்டு, அதன் மேலேயே குத்தினார்.