பதினெட்டாவது வார்த்தை

‘அந்தகாரம்’ என்று துணியின் உட்பக்கம் சாக்கட்டியால் எழுதிவிட்டுத்தான் சட்டைக்குக் கை வெட்டுகிறார் தையல்கார அக்கா. வெட்டும்போது ஒரு தரம், ஓரம் அடிக்கும்போது ஒரு தரம், பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது ஒரு தரம் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். உதறி மடிக்கையில் எழுத்து போய்விடும், பெரும்பாலும். போன மாதம் கல்யாணக் கோட்டு வாங்கிப்போன மாப்பிள்ளை ஒருவர், உள்பைக்கு மேலே ‘பிரேதம்’ என்றிருப்பதைப் பார்த்து, அப்பா, மாமா சகிதம் வந்து நின்றார்.

“தம்பி, அது உங்களுக்கில்ல, எனக்கு” என்று ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார் அக்கா. அதில் அவர்களுக்கு ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஐம்பத்தாறு வயதில் படிப்பது ஒரு பழைய பேய்க்கதை. மலைமேல் இடிந்த மாளிகை, பூட்டிய நிலவறை, பக்கத்துக்குப் பத்து வாயில் நுழையாத வார்த்தை. அதன் மறுபதிப்புக்குப் பிழை திருத்தியவர் அவருடைய கணவர்தான். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் எழுத்தோடு மல்லுக்கட்டியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண் பூனைப் படத்தைக் காட்டி, “இது என்ன, சொல்லுங்க பாப்போம்” என்றாள். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கும் கோபம் வந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அக்கா அந்தப் புத்தகத்தை எடுத்துத் தட்டுத்தடுமாறி வாசித்து, “ஏங்க, சிதிலம்னா என்னங்க?” என்று கேட்டிருக்கிறார். கணவர் வெகுநேரம் முக்கி, “இடி... இடிஞ்சது” என்றாராம். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அன்றிலிருந்து தினமும் ஒரு வார்த்தை. பதில் வராவிட்டால் மறுநாளும் அதுவேதான். இதுவரை பதினேழு தேறியிருக்கின்றன.

அலமாரியில் தடிமனாக ஓர் அகராதி இருக்கிறது. அக்கா அதைத் தொடுவதில்லை.

“பாத்துட்டா எனக்குத் தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி கேட்டா அவரு கண்டுபிடிச்சிடுவாரு. காலம் பூரா தப்பு கண்டுபிடிச்ச ஆளாச்சே.”

நேற்று, இடுப்பைப் பிடிக்கக் கொடுத்த என் கோட்டை வாங்கப் போனேன். அதை அளவுப் பொம்மைக்கு மாட்டியிருந்தார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைதான். அது விலகியிருந்தது. கட்டிலில் அவர்.

“கபந்தம்னா என்னங்க?” என்றார் அக்கா, மெஷினை மிதித்துக்கொண்டே. நாலாவது நாளாக இதே கேள்வியாம். எனக்கு விடை தெரியும். வாயைத் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கட்டிலில் கிடந்தவர் இடது கையைத் தூக்கி, கழுத்தோடு முடிந்துபோன அந்தப் பொம்மையைக் காட்டினார். அக்கா நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஜாடையோடு நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும். கட்டில் கிரீச்சிட்டது.

“த... தலை... இல்லாத... உடம்பு.”

மூன்று சொல், சேர்ந்தாற்போல. அதுவரை ஒற்றைச் சொல்லை அவர் தாண்டியதே இல்லை. வாசலோரம் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

“மெஷின் சத்தத்துல காதுல விழலங்க. இன்னொரு தடவ சொல்லுங்க” என்ற அக்கா, சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தி, கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.