பதினொரு மாடு

சாரி-அரிக் ஊராட்சி அலுவலகத்தின் நில அளவையாளர் கல்முராத்தைப் பற்றி ஊரில் யாரும் தப்பாகப் பேசமாட்டார்கள். குடிக்கமாட்டான். கை நீட்டி வாங்கமாட்டான். யார் வீட்டு வேலி யார் நிலத்துக்குள் ஒரு சாண் நுழைந்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். பட்டணத்து ஆட்களைக் கண்டால் போதும், முதுகு தானாக வளைந்துவிடும்.

அது பழைய நோய். பதினேழு வயதில் தலைநகர் பிஷ்கேக்குக்குப் படிக்கப் போனபோது அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். விடுதி அறைக்குள் கால் வைத்ததுமே ஒருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தான். "வந்துட்டான்டா பட்டிக்காட்டான்! மாட்டை எங்கடா கட்டிட்டு வந்தே?" அந்த வாரமே சந்தையில் கோட்டைத் தள்ளிவிட்டு, குளிர்காலம் முழுக்க நடுங்கிக்கொண்டே படித்தான். ஊர் திரும்பி முப்பது வருடம் ஆகியும் அந்த ஜன்னல் அவனுக்கு மூடவில்லை. வீட்டில் ஒரு மாடு இருந்தது. ஊர் மந்தையை ஓட்டும் முறை தன் வீட்டுக்கு வந்தால் மச்சினனை அனுப்பிவிடுவான்.

இதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது. பட்டணத்தில் வீடு கட்ட முடியாதவர்கள் எல்லாரும் இங்கே வந்து ஆப்பிள் தோட்டங்களைத் துண்டு போட்டுக் குடியேறினார்கள். ஊர் நடுவே ஓடிய பழைய ரோட்டில் எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்க வேண்டும். வருடத்துக்கு ஓர் உயிராவது போகும். ஆகவே நாலு வழிச் சாலைக்கு அனுமதி வந்த அன்று ஊரே ஆடு அறுத்துக் கொண்டாடியது. நடுவில் தடுப்புச் சுவர், இருபுறமும் நடைபாதை, பேருந்து நிறுத்தம், விளக்கு. யாருக்குக் கசக்கும்?

திட்டம் போடும் முன் கணக்கு எடுக்க வேண்டும். ரோட்டில் எது போகிறது, எது குறுக்கே கடக்கிறது என்று மூன்று நாள் உட்கார்ந்து எண்ண வேண்டும். கார், பேருந்து, லாரி, சைக்கிள், நடந்து போகிறவர்கள் என்று படிவத்தில் கட்டங்கள். கடைசிக் கட்டம் கால்நடை. எண்ணும் வேலை கல்முராத்துக்கு வந்தது. செப்டம்பர் முடியும் வரை அவகாசம் இருந்தும், அவன் ஜூலையில் எண்ணினான்.

எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், மே கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மாடெல்லாம் மலை மேய்ச்சலில் இருக்கும். வீட்டுக்குப் பாலுக்கென்று நிறுத்திவைத்த பத்துப் பன்னிரண்டுதான் ஊரில் மிஞ்சும். மற்ற மாதங்களில், பனி மூடாத நாளெல்லாம், இருநூறு மாடு காலையில் ரோட்டைக் கடந்து தெற்குக் குன்றுகளுக்குப் போய் மாலையில் திரும்பும். ஒவ்வொரு வீடும் முறை வைத்து ஓட்டும். இதெல்லாம் தெரிந்தவன் படிவத்தில் எழுதினான்: கால்நடை, பதினொன்று. எழுதியது பொய்யில்லை. பொய்யில்லாமல் ஏமாற்றுவதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தானே!

பட்டணத்திலிருந்து வந்த பொறியாளர் எல்மீரா நல்ல பெண். படிவத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"அண்ணே, மாடு பதினொன்னுதானா? தெற்கே மேய்ச்சல் நிலம்னு வரைபடத்துல இருக்கே. நிறைய கடக்கும்னா சொல்லுங்க, வாய்க்கா ஓரமா ரோட்டுக்கு அடியிலயே ஒரு பாதை விட்டுடலாம். இப்பவே சேத்துட்டா சுலபம்."

அவளோடு வந்த இரண்டு இளைஞர்களில் ஒருவன் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தான். எதற்குச் சிரித்தானோ தெரியாது. கல்முராத்தின் காதில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் அந்தக் காலம்மா," என்றான். "இப்ப யாரு மாடு வளக்குறா? நாங்களும் பட்டணந்தான்."

பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டு வரைபடத்தை விரித்தார்கள். கடைசித் தெருவில் இரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் விதவை ரய்கான் எழுந்தாள்.

"ரோடு நல்லாத்தான்பா இருக்கு. மாடு எங்க கடக்கும்?"

"மாட்டுக்கெல்லாம் பயணச்சீட்டு எடுத்துக் குடுத்துடுங்கக்கா, பஸ்ஸுல போகட்டும்!" என்றான் கல்முராத்.

பட்டணத்துப் பையன்கள் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து ஊரும் சிரித்தது. ரய்கான் உட்கார்ந்துவிட்டாள்.

சாலை வந்தது. கட்டி முடித்த வருடம் செப்டம்பரில் மாடுகள் மலையிலிருந்து இறங்கி வந்து தடுப்புச் சுவரின் முன்னால் நின்றன. சுவரில் இடைவெளி இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, வட்டச் சந்திப்பில் இருந்தது. அலுவலகம் போகும் கார்களுக்கு நடுவே இருநூறு மாட்டையும் அதுவரை ஓட்டிப் போய், சுற்றி, மறுபடி அவ்வளவு தூரம் திரும்ப வேண்டும். காலையும் மாலையும்.

ஊர் எல்மீராவைத் திட்டித் தீர்த்தது. "மாட்டுக்கு எத்தனை காம்புன்னு தெரியாதவளை வெச்சு ரோடு போட்டா இப்படித்தான்," என்று ஒரு விருந்தில் யாரோ சொன்னபோது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கல்முராத் "ஆமாமா" என்றான். வாய் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஒரு "ஆமாமா" அவனைத் தூங்கவிடவில்லை.

நவம்பரில் ரய்கானின் முறை. வட்டச் சந்திப்பில் லாரி ஒன்று பிரேக் போட்டும் நிற்காமல் அவளுடைய சினைப் பசுவை அடித்தது. மிரண்ட மந்தை அவளையும் தள்ளியதில் மணிக்கட்டு முறிந்தது. கல்முராத் பார்க்கப் போனான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் இடது கையால் தேநீர் ஊற்றினாள். விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றுவதுதான் மரியாதை. ரய்கான் கிண்ணம் வழிய வழிய ஊற்றினாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

ஜூலையில் எண்ணிய கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கல்முராத் நாக்கு பொசுங்கக் குடித்துவிட்டு எழுந்து வந்தான். ரோட்டில் நடக்கும்போது தன் நிழலைப் பார்க்கவே கூசியது.

அடுத்த வாரம் எல்மீரா வந்தாள். பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. கத்தினார்கள். ஒரு கிழவர், "உன் வீட்டுப் படுக்கைக்கு நடுவுல சுவர் கட்டினா சும்மா இருப்பியாம்மா?" என்று கேட்டார். அவள் பையில் அந்தப் படிவம் இருந்தது. எடுக்கவில்லை.

"எண்ணிக்கை கம்மியா வந்துச்சு. நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும், தப்பு என் மேலதான்," என்றாள். கல்முராத் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதுதான் அவனைக் கொன்றது. எழுந்தான்.

"அது அவங்க தப்பில்ல. ஜூலையில எண்ணினேன். தெரிஞ்சேதான் எண்ணினேன். அடியில பாதை விடுறேன்னு அவங்க கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்டா?" என்றார் கிழவர்.

மாடு என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்று இருநூறு மாடு வைத்திருக்கும் ஊரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு அதையும் சொன்னான். சிரிப்பார்கள் என்று நினைத்தான். யாரும் சிரிக்கவில்லை.

ரய்கான்தான் பேசினாள். "கடுதாசி எழுதிப் பாதை வாங்குறது உன் பாடு. அது வர்ற வரைக்கும் என் முறை உனக்கு. மச்சினனை அனுப்பாதே."

புதிதாக எண்ணி அனுப்பினால் இரண்டு வருடத்தில் பாதை வரலாம் என்றாள் எல்மீரா.

இப்போது தன் முறைக்கும் ரய்கானின் முறைக்கும் கல்முராத்தே கம்பை எடுத்துக்கொண்டு மந்தையின் பின்னால் போகிறான். ரய்கானுக்கு மிஞ்சிய ஒற்றை மாடும் அதில் போகிறது. முதல் நாள் வட்டச் சந்திப்பில் கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. வெள்ளைக் காரில் இருந்த ஓர் இளைஞன் மூக்கைச் சுளித்தபடி கண்ணாடியை இறக்கினான்.

"சீக்கிரம் ஓட்டித் தொலை, பட்டிக்காட்டான்!"

முப்பது வருடமாக எந்த வார்த்தைக்குப் பயந்தானோ அது வந்து விழுந்தது. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. இதை ரய்கான் அக்கா தன் முறை வரும்போதெல்லாம் இதே இடத்தில் நின்று கேட்டிருப்பாள்.