ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்த பாஸ்

2024 ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. நான் இருக்கும் விவேக் நகரில் தூறல். சட்டை நனையாது, மூக்குக்கண்ணாடி மட்டும் நனையும். நண்பனின் மகன் போன் செய்தான். அப்பாவுக்கு மூச்சுத் திணறல், அல்சூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான், ஊருக்கு வெளியே ஹெப்பகோடிக்கு வேலைக்குப் போயாக வேண்டும், பகலில் உடனிருக்க ஆளில்லை.

நண்பனும் நானும் ஒரே தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இருந்தோம். மனைவி இறந்தபின் அவன் மர்பி டவுனில் தனியாகக் கிடந்தான். மகனோடு பேச்சு நின்று இரண்டு வருடம். பக்கத்து வீட்டார் கூப்பிட்டதால்தான் மகன் வந்திருந்தான்.

ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நான். அதற்கு மேல் அவன். என் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து தேறிக்கொண்டிருந்தாள். இரவில் மூன்று தடவையாவது கைகொடுத்து எழுப்ப வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது, சொல்லவில்லை. இரவும் நானே இருந்துவிட்டால் மகன் கையெழுத்துப் போட மட்டுமே வருவான். நண்பன் யாருக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான் என்பது எனக்குத் தெரியும்.

அங்கே ஒரு நோயாளிக்கு ஒரே பாஸ், கழுத்தில் மாட்டும் மஞ்சள் அட்டை. தினமும் ஆறு மணிக்கு அதை வாசல் காவலாளியிடம் ஒப்படைத்துவிடுவேன். மகன் வந்து வாங்கிக்கொண்டு மேலே போவான். வர நேரமானால் நர்ஸம்மா அவனுக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

நாலாம் நாள் ஐந்தரைக்கு அவனே கூப்பிட்டான்.

“அங்கிள், சில்க் போர்டு டிராஃபிக்குல மாட்டிக்கிட்டேன். சொல்ப லேட்டாகும். இன்னிக்கு நீங்களே இருந்துடுங்களேன்.”

“ஆறு மணிக்குப் பாஸ் வாட்ச்மேன் கையில இருக்கும்பா.”

கட்டிலிலிருந்து நண்பன் சிரித்தான், இருமலோடு. “ரிடையராகிப் பதினாறு வருஷமாச்சு, இன்னும் சங்கு ஊதினா வீட்டுக்கு ஓடுறான் பாரு.”

மகன் ஏழேகாலுக்கு வந்தான் என்று மறுநாள் நர்ஸம்மா சொன்னார். அந்த ஒன்றேகால் மணி நேரம் நண்பன் தனியாகக் கிடந்திருக்கிறான். அதன்பின் அவன் சிரிக்கவில்லை. ஏழாம் நாளிலிருந்து பேசவும் இல்லை. இளநீரை வாயருகே நீட்டினால் குடிப்பான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

ஒன்பதாம் நாள் மாலை என் மணிக்கட்டைப் பிடித்தான். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

“இன்னிக்கு ஒரு நாள் இருடா. பயமா இருக்கு.”

“உன் பையன் வருவான்.”

“அவன் வரமாட்டான். நீ இரு.”

மணி ஐந்து ஐம்பத்தைந்து. மனைவி மாத்திரைக்குக் காத்திருப்பாள். இன்று மட்டும் என்று உட்கார்ந்தால் நாளையும் உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். படியிறங்கி வந்தபோது மகன் தோளில் சாப்பாட்டுப் பையோடு மேலே வருவதற்காக வாசலில் நின்றிருந்தான். பாஸை அவன் கழுத்தில் நானே மாட்டினேன்.

விடியுமுன் நண்பன் இறந்துபோனான்.

மயானத்தில் மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். “ராத்திரி பூரா உங்களத்தான் திட்டிக்கிட்டே இருந்தாரு அங்கிள். கல்நெஞ்சன்னாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தாரு.”

அவன் நன்றியாகச் சொன்னானா, குறையாகச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. நான் கிளம்பியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் நண்பன் என்னை மன்னிக்காமல் போனான்; அதைத் திருத்த இனி வழியில்லை. ஒன்பது நாள் ஆட்டோ, இளநீர், கடைசியில் பூமாலை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு மூவாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.