மாமனார் வீட்டு போர்டிகோவில் ஒரு சிவப்புக் கார்

லிபின் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். லிபினுக்கும் சின்ன வயதிலிருந்தே இன்ஜின் மேல்தான் ஆசை. கிடைத்ததோ, கார் சர்வீஸ் சென்டரில் டை கட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் குறை கேட்கும் வேலை. கையில் கிரீஸ் படாத வேலை என்று அம்மாவுக்குப் பெருமை. அவனுக்கு அதுவே எரிச்சல்.

கூட வேலை பார்த்த ரேகாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் அப்பா தசரதன் காட்டுப்பாக்கத்தில் மனைத் தரகர். வேற்று மதத்துப் பையன் என்று கல்யாணத்துக்கே அவர் வரவில்லை. தன் அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், ரேகா புருஷனோடு அந்த வீட்டுக்கே குடிவந்தாள். தசரதன் மகளைச் சேர்த்துக்கொண்டார், மருமகனை இல்லை. மூவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும், "உன் ஆள ஃபேன நிறுத்தச் சொல்லு" என்று ரேகாவிடம்தான் சொல்வார். "போட்டவங்களே நிறுத்தட்டும்னு சொல்லு ரேகா" என்பான் லிபின். எழுந்து போய் நிறுத்துவது ரேகாதான்.

இப்படி இருக்கும்போதுதான் லிபின் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து போர்டிகோவில் நிறுத்தினான். உள்ளே இரண்டே இருக்கைகள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதைத் தசரதன் முதல் நாளே பார்த்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல், வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் பழைய மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. நான்கு சிலிண்டரின் புகையும் அதற்குள் முட்டி மோதித்தான் வெளியே வரும். அதைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு நீளக் குழாய் என்று வளைத்துச் செய்த ஹெட்டரை மாட்ட வேண்டும். புகை தாராளமாக வெளியேறினால் இன்ஜின் நன்றாக இழுக்கும்.

கடைசி போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் அடித்து ஊறவிட்டு ஸ்பேனரை அழுத்தினான். தலை மட்டும் ஒடிந்து வந்தது. மிச்சம் இன்ஜினோடு தங்கிவிட்டது. துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

டிரில்லிங் மெஷினை வைத்துத் துளைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் நின்றது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினான். மெயின் சுவிட்ச் பக்கத்தில் தசரதன்.

"ஏன் மாமா ஆஃப் பண்ணீங்க?"

ரேகா கடைக்குப் போயிருந்தாள். அவரே நேராகப் பேச வேண்டியதாயிற்று.

"என் ஊட்டு கரெண்ட்டு. நான் நிறுத்துவேன். இது இன்னா ஊடா, இல்ல உங்கப்பன் ஒர்க்‌ஷாப்பா?"

"எங்கப்பாவ இழுக்காதீங்க."

"இழுப்பேன். இன்னா பண்ணுவ?"

லிபின் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசினான். டைலில் விரிசல் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடையிலிருந்து வந்த ரேகா டைலைப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பொழுது சாய்வதற்குள் ஒடிந்த துண்டை எடுத்து, புகை கசியாமலிருக்க இடையில் புது கேஸ்கெட் வைத்து, ஹெட்டரை மாட்டி முடித்தான். ஸ்டார்ட் செய்ததும் முன்பு கேட்டிராத கனத்த உறுமல். நெஞ்சு நிறைந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தசரதன் படுத்திருப்பது தெரிந்தே ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கண்ணாடி அதிர அதிர மறுபடியும் மிதித்தான்.

தசரதன் எழுந்து போலீசுக்குப் போன் செய்தார். ஏட்டு ஒருவர் பைக்கில் வந்து விசாரித்தார்.

"யாரு சார் இவரு?"

"எவனோ. என் பொண்ணு இட்டுகினு வந்தவன்."

ஏட்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "மாமனார் மருமகன் சண்டைக்கெல்லாம் எங்கள இழுக்காதீங்க சார். தம்பி, நீயும் அடங்கு. இந்தச் சத்தத்தோட ரோட்டுல மாட்டுன, ஃபைன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எங்கம்மா போட்டோ மாட்டுன ஊட்டுல போலீஸ நிக்க வெச்சிட்டீங்க ரெண்டு பேரும்" என்றாள் ரேகா. "அங்கருந்து இங்க, இங்கருந்து அங்க பேச்சக் கொண்டு போறதுக்கு இனிமே வேற ஆளப் பாத்துக்குங்க."

திருநின்றவூரில் வாடகை வீடு பார்த்தவளும் அவள்தான். சாமான்களை டெம்போவில் ஏற்றிய அன்று தசரதன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மகள் கதவைத் தட்டி, "போய்ட்டு வரேன்பா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். லிபின் சொல்லிக்கொள்ளவே இல்லை.

இப்போது அப்பாவைப் பார்க்க ரேகா மட்டும் போய் வருகிறாள். லிபின் பூந்தமல்லி வரை கொண்டுவந்து விடுவான், அதற்கு மேல் ஒரு அடி வரமாட்டான். அங்கிருந்து அவள் பஸ் ஏறுவாள். தசரதன் பூட்டிய கேட்டுக்குள் நின்றபடியே அவளைத் தாண்டித் தெருவைப் பார்ப்பார்.

"அவன் வரலல்ல?"

"வரலப்பா."

அதற்குப் பிறகுதான் சாவியை எடுப்பார்.