கல்லுப்படியில் வைத்த பெயர் நோட்டு

1983ஆம் வருஷம் பிப்ரவரி 12, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெயில் இருந்தது, சுடவில்லை. சேலம் பக்கத்துப் பள்ளத்தில் மூட்டம் நின்றது, மேலே ஏறவில்லை. நான் கல்லுப்படியின் மேல் வரிசையில் நின்று தலைகளை எண்ணினேன். நூற்று அறுபத்திரண்டு. அதில் எனக்கு முகம் தெரியாதவர்கள் இருபத்தாறு பேர். ஓர் இலவசக் கச்சேரிக்கு இருபத்தாறு வெளியூர்க்காரர்கள் ஏன் மலையேறி வரவேண்டும்?

கல்லுப்படி என்று நாங்கள் சொல்வது, நாகலூர் போகும் பஸ் ரோட்டுக்குக் கீழே குழிவான சரிவில் அரைவட்டமாகக் கட்டிய பதினான்கு கருங்கல் வரிசைகளை. அடியில் ஒரு கல் மேடை. எஸ்டேட் துரைமார் தங்களுக்குள் நாடகம் போட்டுப் பார்க்கக் கட்டியது. அவர்கள் போன பிறகு அங்கே ஆடு படுத்தது, மிளகு காய்ந்தது.

என் வீடு மேடைக்குப் பின்னால். ரோட்டுக்குப் போக மேடையோரமாக நடந்து பக்கவாட்டுப் படியில் ஏறுவோம். அந்தப் படி ஒவ்வொன்றும் நாலரை அங்குல உயரந்தான். துரைசானிமார் கவுன் தடுக்காமல் ஏற அப்படி வைத்தார்களாம். என் மனைவியின் முழங்காலுக்கு அந்த உயரம் ஒன்றுதான் ஒத்துவந்தது. வேறு வழி என்றால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஆட்டுத்தடம். அதில் அவள் ஒருமுறை விழுந்து பதினொரு நாள் படுத்திருந்தாள்.

எஸ்டேட் அப்போது கை மாறியிருந்தது. வாங்கினவர் சமவெளிக்காரர். கல்லுப்படியைச் சுற்றி வேலி போட்டு லாட்ஜ் கட்டப்போகிறார் என்று டீக்கடையில் பேச்சு. வேலி வந்தால் என் மனைவி வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. சரியாக அந்த நேரம் பார்த்து, இத்தனை வருஷம் சும்மா கிடந்த இடத்தில் ஒருவர் சனிக்கிழமைதோறும் இலவசமாகப் பாட்டுப் போடுகிறார் என்றால் என்ன நினைப்பது?

அவர் ஏற்காட்டில் குடியேறிய ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். ஆர்மோனியம் அவரே வாசிப்பார். கிளாரினெட்டுக்கும் மிருதங்கத்துக்கும் சேலத்திலிருந்து இரண்டு பேர். கும்மிக்கு வெள்ளக்கடைப் பெண்கள். அந்த வாத்தியார், முதல் கச்சேரிக்கு நான்கு நாள் முன்பு, புது முதலாளியின் மேனேஜரோடு பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடித்ததை நான் பார்த்தேன். காசு கொடுத்தது மேனேஜர். அதையும் பார்த்தேன்.

கச்சேரிக்கு இறங்கும் இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் நூறு பக்க நோட்டு, நூலில் கட்டிய பேனா.

“ஏனுங்க, பாட்டுக் கேக்கறதுக்குப் பேரு எதுக்குங்க?” என்று வாத்தியாரைக் கேட்டேன்.

“இது ஊர்ச்சனங்க வந்து போற எடம்னு காட்டோணுமுங்க. வேலி போட மனுக் குடுத்திருக்கறாங்க. விசாரணைக்கு வாரப்ப இந்த நோட்டத்தானுங்க நீட்டோணும். பேரு, ஊரு, எத்தன வருசமாப் பொழங்கறீங்க, அவ்வளவுதான். மொதல்ல நீங்க போடுங்க. உங்க ஊட்டு வழிதானுங்களே அடைபடும்?”

எங்கள் வழியைப் பற்றி நான் இவரிடம் சொன்னதேயில்லை.

“நோட்டு கடைசியில எங்க போவுமுங்க?”

“தாலுகா ஆபீசுக்குங்க.”

“அங்கிருந்து?”

வாத்தியார் சிரித்தார். “அங்கிருந்து எங்கீங்க போவும்? அங்கயேதான் கெடக்கும்.”

நான் பேனாவைத் தொடவில்லை.

முப்பத்தொரு வருஷம் எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்தவன் நான். காலை ஆறு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு எழுதுவதைப் பெரட்டு என்போம். நோட்டில் விழுந்த பெயருக்குப் பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருஷம், பெரட்டுக்கு வந்ததற்கு அடையாளம் என்று சொல்லி நாற்பது பேரிடம் கைநாட்டு வாங்கினோம். பிறகு அந்தத் தாளின் மேல்பாதியில், குடியிருந்த லயத்தை, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டை, காலி செய்யச் சம்மதம் என்று எழுதினோம். எழுதின கை என்னுடையது.

ஆகவே எனக்குப் பின்னால் வந்த வெள்ளக்கடை ஆட்களை ஓரமாகக் கூப்பிட்டு, பேர் கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டும் உயரமான ஆள் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க ரைட்டரே, உங்ககிட்ட இத்தன வருசம் பேரு குடுத்தமே, அப்பவே இதச் சொல்லியிருக்கலாமுல்லீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்ப என்ற பொழப்பு அதுல இருந்துச்சு சாமி.”

“செரி, இப்ப என்ன பேருதானுங்க சொல்லட்டும்?”

“சொந்தப் பேரத் தவுர என்ன வேணாலும் சொல்லு.”

அவர் கொஞ்சம் யோசித்து, மலையுச்சியில் கோயில் கொண்ட சாமியின் பெயரைச் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். வாத்தியார் தலை நிமிராமல் எழுதினார். இந்த மலையில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர் உண்டு.

என் மனைவி நோட்டுப் பக்கம் நகர்ந்தாள். “நா போடறனுங்க. முட்டி என்னுதுதானுங்களே?”

மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். “போட்டா இருக்கற வழியும் போயிரும்.”

“ஆமா, உங்களுக்கு ஊருல அத்தன பேரும் திருடனுங்க. கண்ணாலத்தன்னிக்கு எங்கப்பன் எழுதுன மொய் நோட்டயே கூட்டிப் பாத்த ஆளுதான நீங்க.”

“அதுல பதிமூணு ரூவா கொறஞ்சுதா இல்லையா?”

“நொம்ப நல்லாருக்குது. வாய மூடிட்டுப் பாட்டக் கேளுங்க.”

கச்சேரி ஆறு சனிக்கிழமை நடந்தது. ஆறுக்கும் போனேன், வேவு பார்க்கத்தான். நான்காவது வாரம் கும்மியின் பின்னாலேயே கிளாரினெட் ஓடி வந்தபோது எண்பத்தேழோடு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. ஆட்களை இப்படி அசர வைக்கத்தான் பாட்டோ என்று வீட்டுக்குப் போகும்போது நினைத்துக்கொண்டேன். சொந்தப் பேரைச் சொல்ல வேண்டாமென்று ரைட்டர் சொன்னார் என்ற பேச்சு அதற்குள் செம்மநத்தம் வரைக்கும் போயிருந்தது.

ஏப்ரல் கடைசியில் விசாரணை. தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். வாத்தியார் நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி நாலைந்து பக்கம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க வாத்தியாரே, முந்நூத்திப் பதினோரு பேருல நூத்தித் தொண்ணூறு ஆளுக்கு ஒரே பேருங்களா? ஊருக்கே ஒரே நாளுல பேரு வெச்சீங்களா?”

மேனேஜர் முதலில் சிரித்தார். நிஜமாகவே அந்தப் பெயர் உள்ளவர்கள் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வாத்தியார் சிரிக்கவில்லை. மீதி ஆட்கள் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். “இருவத்தி ரெண்டு வருசமா நானும் ஊட்டுக்காரியும் இந்தப் படியிலதானுங்க நடக்கறோம்.”

“கச்சேரிக்கு வந்தீங்களா?”

“ஆறுக்கும் வந்தனுங்க.”

அதிகாரி என் பெயரைக் கேட்டு நோட்டில் தேடினார். “காணமுங்களே. எழுதப் படிக்கத் தெரியாதுங்களா?”

“தெரியுமுங்க.”

“அப்பறம் ஏனுங்க எழுதல?”

லயத்துத் தாளைப் பற்றி அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியுமா? உட்கார்ந்துவிட்டேன். நோட்டை நம்புவதற்கில்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனார்.

ஜூன் மாதம் முள்கம்பி வேலி வந்தது, எங்கள் வாசலிலிருந்து ஒன்பதாவது அடியில். கச்சேரி நின்றது. வாத்தியார் மரங்களைப் பிடித்துப் பிடித்து ஆட்டுத்தடத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தார். அவர் உட்காருவதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

“மேனேஜரோட எதுக்குங்க டீ குடிச்சீங்க?”

“வேலிய நாலடி தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சப் போனனுங்க. உங்க ஊட்டம்மாவுக்கு வழி விடோணும்னு. அவுங்கதான் பஸ்ஸுல முட்டி வலியச் சொல்லி அழுதாங்க.”

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையசைத்துவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள். வாத்தியார் சொன்ன மீதியை மேனேஜரிடம் விசாரிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நோட்டில் நூறு பக்கமும் இருந்ததா என்பதை இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அவள் ஒன்பது வாரம் வீட்டுக்குள் இருந்தாள். டாக்டரிடம் போக வேண்டிய இரண்டு முறையும் நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவர் அந்தக் கவாத்து வெட்டும் ஆள். கூலி வாங்க மறுத்தார். ஏன் மறுக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆட்டுத்தடம் புறம்போக்கு. அதை மூன்று இடத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டு, படி கட்ட ஆள் வைத்தேன். ஆறு அங்குலம் வைத்தால் கல்லும் மிச்சம், நாளும் மிச்சம் என்றார் மேஸ்திரி. நான் அளவுகோலோடு பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் நாலரை அங்குலமாக வைக்கச் சொன்னேன். எழுபத்தொரு படி, ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி. வேலை முடிந்த அன்று அவள் தனியாக ஏறி, மூன்று இடத்தில் நின்று, ரோட்டைச் சேர்ந்தாள். நான் கீழேயே நின்றேன். என்னைக் கூப்பிடாமல் பஸ் ஏறிப் போனாள்.

கல், சிமெண்டு, மேஸ்திரி கூலி, கைப்பிடி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய் எழுபத்தைந்து காசு.