கதவுக் கடல்

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, எதிர்ப்பக்கத்து முக்காலியில் உட்கார்ந்ததும் எங்கள் கீழ்வீட்டுக்காரருடைய முகம் மாறிவிடும். இந்தப் பக்கம் இருந்தவரை சாந்தமாக இருந்த மனிதர், அந்தப் பக்கம் போனதும் புருவத்தை நெரித்துக்கொண்டு, சற்று முன் தான் காலி செய்த நாற்காலியைச் சந்தேகத்தோடு பார்ப்பார். "மனசுல என்ன வெச்சிருக்காருன்னு தெரியலையே" என்பார். மனசில் வைத்திருப்பவரும் அவர்தான். வைத்து அரை நிமிஷம் ஆகியிருக்காது.

மேசைமேல் விரிந்திருப்பது கடல். அதில் சாம்பல் நிறக் கப்பற்படை ஒன்று, பழுப்பு நிறக் கப்பற்படை ஒன்று. ஒவ்வொரு கப்பலும் பாதித் தீக்குச்சி நீளம். அதற்குள் புகைபோக்கி, பீரங்கி மேடை, கொடிக்கம்பம் எல்லாம் அடக்கம். எந்தக் கப்பல் எத்தனை அங்குலம் நகரலாம், குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு தடித்த விதிப்புத்தகம் சொல்லும். பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டம்; இவர் ஒருவராகவே ஆடுகிறார். ஒரு படையின் உத்தரவு மற்றதற்குத் தெரியக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அதனால் ஒரு பக்கத்து உத்தரவைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதை மறப்பதற்காக அவர் ஒரு டீ குடிப்பார். "டீ ஆறதுக்குள்ள மறந்துரும் சார். வயசானதுக்கு இதுவாவது உபயோகமா இருக்கட்டும்."

தொழில், பல்செட் செய்வது. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் தாடை அச்சுகளைப் பார்த்து, ஒரு சின்னத் தொழிற்கூடத்தின் மூலையில் விளக்கடியில் உட்கார்ந்து, மெழுகிலும் அக்ரிலிக்கிலும் வாய்களை உண்டாக்குகிறார். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட இவர் நேரில் பார்த்ததில்லை. இவருடைய சொந்தக் கடைவாய்ப் பற்கள் இரண்டு விழுந்து வெகுகாலமாகிறது. கட்டிக்கொள்ள இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

நேரத்தையெல்லாம் கப்பல்கள் தின்றுவிடுகின்றன. பல்லுக்கு மெழுகு சீவும் கத்தியே கப்பலுக்கும் சீவுகிறது. கொடிக்கம்பத்துக்கு ஓட்டை போட, இரண்டு விரலால் உருட்டும் ஊசித் துளைப்பான். அலைகளுக்கு வெள்ளை தெளிக்கப் பழைய டூத்பிரஷ். எரியும் கப்பலிலிருந்து எழும் புகை, நோயாளியின் கன்னத்துக்குள் வைக்கிற அதே பஞ்சு. "ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். அதுல நான் கறார்" என்று அவர் சொல்லும்போது அவர் முன்னால் நான்கு தட்டுகள் இருக்கும். ஒன்றில் சீவி முடித்து அடிப்பூச்சுக்குக் காத்திருக்கும் கப்பல்கள், ஒன்றில் புகைபோக்கி ஒட்டாதவை, ஒன்றில் வர்ணம் காயாத ஒரு துறைமுகம், இன்னொன்றில் கலங்கரை விளக்கம் ஒன்று, யார் கேட்டார்கள் என்று தெரியாமல். கையில் இருப்பதை முடிக்காமல் புதிதாக எதையும் தொடுவதில்லை என்று சபதம் எடுத்த வாரத்தில்தான் கலங்கரை விளக்கத்தைத் தொடங்கினார்.

சண்டை என்றாலே ஆகாது அவருக்கு. தெருவில் யாராவது குரலை உயர்த்தினால், கழற்றிய செருப்பைக்கூட நேராக வைக்காமல் உள்ளே போய்விடுவார். கடலிலும் அவரால் ஒரு கப்பலை மூழ்கடிக்க முடிந்ததில்லை. பகடை தீர்ப்புச் சொன்ன பிறகு, அடிபட்ட கப்பலை இடுக்கியால் எடுத்து ஒரு சோப்பு டப்பாவில் படுக்க வைப்பார். டப்பாவின் பெயர் ஆஸ்பத்திரி. "மூழ்கிருச்சுன்னு சொல்லாதீங்க சார். ரிப்பேருக்குப் போயிருக்கு."

ஆட்டம் தொடங்கியது தரையில். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கூடத்தின் தரைக்கற்கள்தான் கடல். ஒரு கல்லுக்கு ஒரு நகர்வு. அன்றைய கப்பல்கள் அழிரப்பர் துண்டுகள், பற்பசை மூடிகள். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். பீரங்கிச் சத்தம் அப்பா வாயால் கொடுக்க வேண்டும்; அது சுரத்தாக இல்லையென்றால் குண்டு படாததாகக் கணக்கு. தோற்கப் போகிறாள் என்றால் மகள் கையை உயர்த்தி "மழை" என்பாள். மழை பெய்தால் ஒன்றும் தெரியாது, சுடக் கூடாது. அவள் படை பொறுமையாக வீடு போய்ச் சேரும்வரை பெய்யும். வீடு துடைக்கும் நேரம் வந்துவிட்டால் மட்டும் இரு படைகளும் சேர்ந்து சோபாவுக்கடியில் தஞ்சம் புகும். அந்தப் பேரலைக்கு முன்னால் பகை செல்லாது.

"முட்டி தேய்ஞ்சதுக்கு டாக்டர் காரணம் கேட்டாரு. கப்பல் ஓட்டினேன்னா சொல்ல முடியும்?" என்று அவர் சிரிப்பார். அந்தக் கதைகளைச் சொல்லும்போது மட்டும் அவர் கை வேலையை நிறுத்திவிடும். பின்னால் அவர் விதிப்புத்தகம் வாங்கிப் பார்த்தபோது, அதில் மழைக்கென்று உண்மையாகவே ஒரு பக்கம் இருந்ததாம். "பாருங்க, அவ சொன்னது சட்டம்தான்" என்று இன்றைக்கும் பூரிப்பார்.

மகள் வளர்ந்தாள். படிப்பு, வேலை, கல்யாணம். ஏதோ ஒரு பரீட்சைக் காலத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கும் சேர்த்து நீங்களே ஆடிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் நின்று சொல்லும் எத்தனையோ பேச்சில் அதுவும் ஒன்று. இவர் அதை எழுதிக் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரமாக எடுத்துக்கொண்டார். பழுப்புப் படை மகளுடையது. அவள் எப்படி யோசிப்பாளோ அப்படி யோசித்து, அவள் எப்படிப் பாய்வாளோ அப்படிப் பாய்ந்து, இத்தனை வருஷமாக இவர் தன்னைத்தானே தோற்கடித்து வருகிறார்.

அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன் என்ற உரிமையில், ஒருமுறை எதிர்ப்பக்கம் உட்கார நானும் முன்வந்தேன். இரண்டாவது நகர்விலேயே என் கையை மெல்லப் பிடித்துவிட்டார். "அந்தக் கப்பல் அப்படிப் போகாதுங்க."

"விதியில இடம் இருக்கே?"

"விதியில இருக்கு. அவ போகமாட்டா."

முக்காலியை விட்டு எழுந்துகொண்டேன்.

அந்தக் கடல் ஒரு கதவு. மகளுடைய அறைக் கதவு. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த அறை கப்பல் கட்டும் இடமாயிற்று. கதவைத் திறந்தால் தட்டுகள் அடுக்கிய அலமாரியில் இடித்தது. கழற்றி, இரண்டு மரத்தாங்கிகளின் மேல் படுக்கப் போட்டார். கரையோரம் வெளிர் நீலமும் நடுவில் கருநீலமுமாகப் பூசினார். கைப்பிடி இருந்த ஓட்டையை மறைக்க ஒரு தீவு தேவைப்பட்டது. பிளாஸ்டரில் வார்த்த பழைய கீழ்த்தாடை அச்சு ஒன்றைக் கவிழ்த்துப் பச்சை பூசி வைத்தார். அச்சு, அவருடைய மாமியாருடையது. மாமியார் தீவைச் சுற்றிக் கடல் ஆழமில்லை, பாறை அதிகம். இரண்டு படைகளும் அந்தப் பக்கம் ஒதுங்கியே போகும்.

"எங்கம்மா உயிரோட இருந்தப்ப இவரு கிட்ட வர பயந்தாரு. இப்ப கப்பல்களும் பயப்படுது" என்பார் மனைவி. "கதவைப் படுக்கப் போட்டுட்டுக் கடல்னு சொல்ற மனுஷனோட குடும்பம் நடத்தறேன். கேக்கறவங்க என்னையில்ல ஒரு மாதிரி பாக்கறாங்க."

போன மாதம் ஒரு விடுமுறை நாள் காலையில், அடுக்களையில் தணிந்த குரலில் வெகுநேரம் போன் பேசிவிட்டு, அந்த அம்மாள் கதவில்லாத நிலையருகே வந்து நின்றார். வாடகை விஷயமாக இறங்கிப் போன நான் கூடத்தில் இருந்தேன்.

"பாப்பா வர்றா."

"லீவா?"

"லீவு இல்ல."

அவர் முக்காலியில், மகளுடைய படையின் பக்கம் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைக்கவில்லை. "மாப்பிள்ளை?"

"அவ மட்டும். சாமானோட." படுத்திருந்த கதவைக் கண்ணால் காட்டி, "ரூமுக்குக் கதவு வேணும்" என்றார்.

"கர்ட்டன் ஒண்ணு போட்ருவோமே. நல்ல கெட்டித் துணியா..."

"கர்ட்டனுக்குத் தாழ்ப்பா இருக்கா? அழணும்னு தோணினா துணிக்குப் பின்னால நின்னுக்கிட்டா அழுவா?"

"புதுக் கதவு சொல்லிரலாமா?"

"நாளைக்குக் காலைல வர்றா. கதவு என்ன, கொடியில காய்க்குதா?"

சண்டை முடிகிற தறுவாயில் இருந்தது. பழுப்புப் படையின் தலைமைக் கப்பலை, வேறு வழியில்லாமல் தீவின் பாறையோரம் ஒதுங்கிய நிலையில், சாம்பல் கப்பல்கள் மூன்று பக்கமும் நெருக்கியிருந்தன. அவர் இடுக்கியை எடுத்தார். மகளின் கப்பல்களைத்தான் முதலில் எடுத்தார்; ஒவ்வொன்றையும் பஞ்சு விரித்த டப்பாவில், மூக்கு இடிக்காதபடி படுக்க வைத்தார். யாருக்கு ஜெயம் என்று வைத்துக்கொள்வது என்று நான் கேட்டேன்.

"பாதியில நின்னா யாருக்கும் இல்ல சார்" என்றார்.

மாமியார் தீவு லேசில் பெயரவில்லை. பெயர்ந்தபோது அடியிலிருந்து பழைய ஓட்டை எட்டிப் பார்த்தது. அவரும் நானும் ஆளுக்கொரு முனையாகக் கடலைத் தூக்கி நிறுத்தினோம். கீல்களுக்கான பள்ளம் ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது. ஆகவே நீலம் கூடத்தைப் பார்த்துத்தான் நின்றாக வேண்டும். காவி நிறத்தில் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் என்ன என்றார் மனைவி. "பெயிண்ட் நாத்தம் அவளுக்கு ஒத்துக்காது" என்றார் இவர். எத்தனையோ வருஷமாகப் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே சோறு தின்ற மனிதர் சொன்ன அந்தக் காரணத்தை, அந்த அம்மாள் என்னவோ மறுக்காமல் விட்டுவிட்டார். தீவு இருந்த இடத்தில் கைப்பிடி ஏறியது. உள்பக்கம் தாழ்ப்பாளை அவரே முடுக்கினார். போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், எண்ணெய் விட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

மகள் வந்தாள். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, செங்குத்தாக நின்ற கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தண்ணியெல்லாம் கீழ கொட்டிரும்பா" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவர் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது, எண்ணெய் விட்டதால் சத்தம் அதிகமில்லை.

அதன் பிறகு அவருடைய கப்பல் வேலை சாப்பாட்டு மேசையின் ஓரத்துக்கு வந்தது. நான்கு தட்டுகளுக்கு அங்கே இடமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நேரத்துக்கு ஒரு வேலை செய்தார், அதுவும் ஓடவில்லை. கொடிக்கம்பத்தை ஒட்டுவார், எடுப்பார், ஒட்டுவார். கண் நீலத்தின் மேல் இருக்கும். படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு நாள், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: "இத்தனை வருஷம் அவ என்ன யோசிப்பா, என்ன யோசிப்பான்னு நான்தான் சார் யோசிச்சேன். அவ அங்க உக்காந்து என்ன யோசிச்சிட்டிருந்தான்னு எனக்குத் தெரியவே இல்ல." பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல், மாடியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார்.

நேற்று முன்தினம் சாயங்காலம் பேச்சுக்குப் போயிருந்தேன். மடித்த துணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளித் திறந்து அம்மா உள்ளே போனார். உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது. அடுத்த நிமிஷம் மகள் வெளியே வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா டக்குனு வந்துட்டாங்க. தூக்கிவாரிப் போட்டுருச்சு."

"அவளுக்கு எப்பவும் வேகம்தான்" என்றார் அவர்.

அவள் ஒரு பழுப்புக் கப்பலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த வீட்ல யாரும் தட்டிட்டு வரமாட்டாங்கப்பா. தாழ்ப்பா போடறேன்னு ஒரு நாள் அதையும் கழட்டிட்டாங்க."

அவர் விரல்களுக்கிடையே ஊசித் துளைப்பான் நின்றுவிட்டது. பிறகு அவள் உள்ளங்கையிலிருந்த கப்பலின் பக்கம் தலையை அசைத்து, "பெயிண்ட் இன்னும் காயல" என்று மட்டும் சொன்னார். அவள் எழுந்து போனாள், கப்பலோடு.

இன்று காலை கீழே இறங்கும்போது அவர்கள் வீட்டு வாசல் திறந்திருந்தது. "ஏங்க, அவளுக்கு இந்த டீயைக் குடுத்துட்டு வாங்க" என்று அடுக்களையிலிருந்து ஒரு டம்ளர் நீண்டது. வாங்கிக்கொண்டு போனார். நீலக் கதவு பாதி திறந்தே இருந்தது. உள்ளே மகள் ஜன்னலோரம் நின்று, இவருக்கு முதுகைக் காட்டித் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்து, சத்தம் வராமல் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு ஒரு விரலை மடக்கி, கருநீலத்தின் மேல் மெல்லத் தட்டிவிட்டு, டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றார்.